சட்டைப்பையில் கிடந்த சிம் அட்டை: ரோமிங்கின் கதை

யாழ்ப்பாணத்திலிருக்கும் என் மருமகன் சென்ற வாரம் தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டான். பாரிசில் ஒரு திருமணம். அது முடிந்ததும் சுவிட்சர்லாந்தில் உள்ள உறவினர் வீடுகளுக்குப் போய்வர வேண்டும். மூன்று வாரப் பயணம். “மாமா, இங்கேயுள்ள சிம்முக்கு ரோமிங் போட்டுக்கொண்டு போவதா, அங்கே இறங்கி ஒரு சிம் வாங்குவதா, இல்லாவிட்டால் இந்த ஈ-சிம் என்கிறார்களே, அதை எடுப்பதா?”

இரண்டு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்தக் கேள்விக்கு ஒரு காலத்தில் நான் பிழையான விடையைத் தேர்ந்தெடுத்தவன். அதன் விலையை நான் மட்டும் கொடுக்கவில்லை. அதனால் இந்த மூன்று வழிகளும் எப்படி வந்தன என்பதைச் சற்று ஆறுதலாகவே எழுதலாம் என்று தோன்றியது.

எல்லையைத் தாண்டியதும் கைத்தொலைபேசி செத்துப்போகும் காலம் ஒன்று இருந்தது. 1980களின் ஐரோப்பாவில் ஒவ்வொரு நாடும் தனக்கென ஒரு முறையை வைத்திருந்தது. பிரித்தானியாவின் கருவி ஜேர்மனியில் வேலை செய்யாது. ஜேர்மனியின் கருவி பிரான்சில் வெறும் பாரம். வட ஐரோப்பிய நாடுகள் மட்டும் விதிவிலக்கு. சுவீடன், நோர்வே, பின்லாந்து, டென்மார்க் ஆகியவை 1981 முதல் என்.எம்.டி. என்ற பொது முறையைக் கொண்டுவந்தன. ஒஸ்லோவில் வாங்கிய கருவியோடு காரில் ஸ்ரொக்ஹோம் போகலாம் என்பது அப்போதே அங்கே நடைமுறை. பின்னர் உலகமெல்லாம் பரவிய ஏற்பாட்டுக்கு முன்மாதிரி அதுதான்.

1987 செப்டெம்பரில் 13 ஐரோப்பிய நாடுகளின் தொலைத்தொடர்பு அமைப்புகள் கொப்பன்ஹேகனில் கூடி ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. ஜி.எஸ்.எம். என்ற ஒரே முறையை எல்லோரும் அமைப்பது என்பதே அதன் சாரம். 1991 ஜூலை 1ஆம் திகதி பின்லாந்தில் அம்முறையின் முதல் வணிக அழைப்பு எடுக்கப்பட்டது. முன்னாள் பிரதமர் ஹரி ஹொல்கேரி ஹெல்சிங்கியில் இருந்து பேசினார். அடுத்த ஆண்டே பின்லாந்தின் டெலிகொம் நிறுவனமும் பிரித்தானியாவின் வொடபோனும் முதலாவது ரோமிங் ஒப்பந்தத்தைச் செய்துகொண்டன.

ஜி.எஸ்.எம். கொண்டுவந்த புதுமைகளில் பலரும் கவனியாதது சிம் அட்டைதான். அதற்கு முன்னர் கருவியே சந்தாதாரர். இப்போது கருவி வேறு, ஆள் வேறு ஆயின. ஒரு நகத்தளவு அட்டைக்குள் நீங்கள் யார், எந்த நாடு, எந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் என்பதெல்லாம் அடங்கியது. இலங்கையின் சிம் அட்டை ஒவ்வொன்றுக்குள்ளும் 413 என்ற மூன்று இலக்கங்களில் தொடங்கும் ஓர் அடையாள எண் இருக்கும். நீங்கள் பாரிசில் இறங்கிக் கைபேசியை உயிர்ப்பித்ததும் அங்குள்ள கோபுரம் அந்த மூன்று இலக்கங்களைப் படிக்கும், இவர் எங்கள் ஆள் அல்லர் என்று அறியும், கொழும்பில் உள்ள கணனியிடம் “இவரை ஏற்கலாமா, காசு தருவீர்களா?” என்று கேட்கும். ஆம் என்ற பதில் சில விநாடிகளில் வந்துவிடும். பழைய காலத்துச் செட்டிமாரின் உண்டியல் முறைதான் இது. ஓர் ஊரில் நீட்டிய சீட்டுக்கு இன்னோர் ஊரில் பணம் கிடைக்கும். கணக்கைப் பின்னர் அவர்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்வார்கள்.

தீர்த்துக்கொள்ளும் அந்தக் கணக்கில்தான் சூழ்ச்சியே இருந்தது. பாரிஸ் நிறுவனம் கொழும்பு நிறுவனத்திடம் ஒரு மொத்த விலையை அறவிடும். கொழும்பு அதன்மேல் தன் இலாபத்தை வைத்து உங்களிடம் அறவிடும். மொத்த விலையைக் குறைக்க வேண்டிய அவசியம் பாரிசுக்கு இல்லை. ஏனெனில் நீங்கள் அதன் வாடிக்கையாளர் அல்லர். கோபித்துக்கொண்டு போக உங்களுக்கு இடமுமில்லை. கொழும்பும் அவசரப்படவில்லை. ரோமிங் விலையைப் பார்த்து யாரும் சந்தா எடுப்பதில்லை. இப்படி இரு பக்கத்திலும் போட்டியில்லாத ஒரு சந்தை, தொலைபேசிக் கட்டணங்கள் எங்கும் சரிந்துகொண்டிருந்த காலத்தில், தான் மட்டும் சரியாமல் நின்றது.

இன்னொரு விசித்திரமும் உண்டு. லண்டனில் ரோமிங்கில் இருக்கும் இரண்டு இலங்கையர்கள் அடுத்தடுத்த தெருக்களில் நின்று பேசினாலும், அந்த அழைப்பு கொழும்புக்குப் போய்த் திரும்பி வரும். எடுத்தவர் இலங்கைக்குப் பேசும் கட்டணம் கொடுப்பார். கேட்டவர் இலங்கையிலிருந்து வந்த அழைப்பைப் பெற்ற கட்டணம் கொடுப்பார். பதில் சொல்லாவிட்டால் குரலஞ்சலுக்குப் போகும். அதற்கும் இரண்டு வழிக் கட்டணம் விழுந்த காலம் இருந்தது. பேசாத பேச்சுக்குப் பணம் வாங்கிய தொழில் வேறு எதுவும் என் நினைவில் இல்லை.

இதற்கு மாற்று வழியாக வானத்தைத் தேடியவர்களும் உளர். மோட்டரோலாவின் முயற்சியில் உருவான இரிடியம் நிறுவனம் 66 செய்மதிகளைச் சுற்றவிட்டு, 1998 நவம்பரில் உலகின் எம்மூலையிலிருந்தும் பேசலாம் என்று சேவையைத் தொடங்கியது. செங்கல் போன்ற கருவி, அதன் விலை ஏறத்தாழ 3,000 டொலர். 1999 ஓகஸ்டில் நிறுவனம் வங்குரோத்து நிலையை அறிவித்தது. அந்தச் செய்மதிகளை வடிவமைத்துக் கொண்டிருந்த காலத்தில் ஜி.எஸ்.எம். கோபுரங்கள் ஊரெங்கும் முளைத்துவிட்டன. விமான நிலையங்களில் அலையும் வணிகர்களுக்கு வானம் தேவைப்படவில்லை. (பின்னர் புதிய உரிமையாளர்களின் கையில் இரிடியம் பிழைத்துக்கொண்டது. போர்முனைக்குப் போகும் எங்கள் தொழிற்காரர்கள் அதை நன்கறிவார்கள்.)

இலங்கையில் 1989இலேயே செல்டெல் நிறுவனம் கைத்தொலைபேசிச் சேவையைத் தொடங்கிவிட்டது. 1995இல் டயலொக் ஜி.எஸ்.எம். முறையைக் கொண்டுவந்தது. ஆனால் வடக்கில் இருந்தவர்களுக்கு இதெல்லாம் வேறோர் உலகத்தின் செய்திகள். தொண்ணூறுகளில் கனடாவில் இருக்கும் பிள்ளையோடு பேசுவதற்காக யாழ்ப்பாணத்துத் தாய்மார் வவுனியாவுக்கும் கொழும்புக்கும் பயணப்பட்டதை நான் கண்டிருக்கிறேன். 2002 போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின்னர்தான் யாழ்ப்பாணத்தில் கைத்தொலைபேசி ஒலித்தது.

என் முதல் ரோமிங் பாடம் 2006 பெப்ரவரியில். ஜெனீவாவில் அரசாங்கத்துக்கும் விடுதலைப் புலிகளுக்கும் பேச்சுவார்த்தை. செய்தி சேகரிக்கச் சென்றிருந்தேன். ஊடகவியலாளர்களுக்கு ஒதுக்கியிருந்த இடத்தில் இணைய வசதி இருந்தது. ஆனால் வரிசையும் இருந்தது. அவசரத்தில் கைபேசியை மடிக்கணனியோடு இணைத்து ஒரு செய்தியையும் நான்கு புகைப்படங்களையும் கொழும்புக்கு அனுப்பினேன். மறுநாளும் அப்படியே. போட்டிப் பத்திரிகைக்கு முன்பே எங்கள் படங்கள் வந்துவிட்டன என்ற பெருமை அடுத்த மாதம் கணக்குப் பிரிவுக்குப் பில் வரும் வரையில்தான் நிலைத்தது. என் அரை மாதச் சம்பளத்துக்கு மேல். அலுவலகம் கட்டியது, நான் விளக்கக் கடிதம் எழுதினேன். அந்தக் கடிதம் நான் ஜெனீவாவிலிருந்து எழுதிய செய்தியைவிட நீளமானது.

ஐரோப்பாவில் இதைவிடப் பெரிய பில்கள் வந்துகொண்டிருந்தன. பிரான்சில் தங்கியிருந்து ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியைத் தரவிறக்கிய ஜேர்மனியர் ஒருவருக்கு 46,000 யூரோ பில் வந்ததை ஐரோப்பிய ஆணைக்குழுவே எடுத்துக்காட்டியது. ஆணைக்குழுவின் தகவல் சமூகப் பொறுப்பாளராயிருந்த லக்சம்பேர்க்கைச் சேர்ந்த விவியன் ரெடிங் அம்மையார் தம்மளவில் ஒரு பத்திரிகையாளர். அரசியலுக்கு வருமுன் நாளிதழில் வேலை செய்தவர். நிறுவனங்கள் தாமாகக் குறைக்கப் போவதில்லை என்று கண்டு அவர் கொண்டுவந்த சட்டம் 2007 கோடையில் நடைமுறைக்கு வந்தது. ரோமிங்கில் எடுக்கும் அழைப்புக்கு நிமிடத்துக்கு 49 சதம், பெறும் அழைப்புக்கு 24 சதம், வரி நீங்கலாக. அதற்கு மேல் வாங்கக்கூடாது. பெரிய நிறுவனங்கள் நீதிமன்றம் போயின. 2010 ஜூனில் ஐரோப்பிய நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. அதே ஆண்டு ஜூலை முதல், பயணி வேறு வரம்பைக் கேட்டிருந்தால் ஒழிய, தரவுக் கட்டணம் 50 யூரோவை எட்டியதும் இணைப்பை நிறுத்த வேண்டும் என்ற விதியும் வந்தது. 2012இல் ஒரு மெகாபைட்டுக்கு 70 சதம், 2013இல் 45, 2014இல் 20 என உச்சவிலை இறங்கியது. 2017 ஜூன் 15ஆம் திகதி முதல் ஒன்றியத்துக்குள் மேலதிகக் கட்டணமே இல்லை என்றாயிற்று. இந்த ஏற்பாடு 2022இல் மேலும் பத்தாண்டுகளுக்கு நீடிக்கப்பட்டது.

கவனிக்க வேண்டியது இதுதான். 2006க்கும் 2017க்கும் இடையில் கோபுரமும் கம்பியும் மேம்பட்டன, உண்மை. ஆயினும் 49 சதம் பூச்சியம் ஆனது பொறியியலாளர்களின் கைவண்ணத்தால் அன்று. சட்டம் சொன்னது, விலை இறங்கியது. சட்டம் விலகியதும் என்ன நடக்கும் என்பதையும் பார்த்துவிட்டோம். பிரித்தானியா ஒன்றியத்தைவிட்டு வெளியேறிய பின்னர் அங்குள்ள நிறுவனங்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லாமற் போயிற்று. ‘கட்டணம் திரும்பாது’ என்ற பேச்சுகளெல்லாம் அடங்கி, 2022இல் வொடபோன், ஈ.ஈ., த்ரீ ஆகியவை புதிய வாடிக்கையாளருக்கு ஐரோப்பிய ரோமிங் கட்டணத்தை மீண்டும் விதித்தன. லண்டன் தமிழர்கள் பாரிசுக்கு வந்து லா சப்பலில் காய்கறி வாங்கும்போது இப்போது இதையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

சட்டத்துக்கு முன்பே ஒரு வணிகர் இதைச் செய்து காட்டினார் என்பதையும் சொல்ல வேண்டும். சூடானில் பிறந்த மோ இப்ராஹிம் நிறுவிய செல்டெல் (நம்மூர்ச் செல்டெல் வேறு) 2006 செப்டெம்பரில் கென்யா, உகண்டா, தன்சானியா ஆகிய மூன்று நாடுகளையும் ஒரே வலையமைப்பாக்கியது. நைரோபிக்காரர் கம்பாலாவில் அங்குள்ளவர் விலைக்கே பேசினார். வந்த அழைப்புக்குக் கட்டணமில்லை. அங்கேயே ரீலோட் போடலாம். ஐரோப்பியர் பதினொரு ஆண்டு கழித்துக் கண்டதை ஆபிரிக்கா அன்றே கண்டது. மூன்று நாட்டிலும் கோபுரங்கள் ஒரே முதலாளியுடையவை என்பதால் தன் கையிலிருந்து தன் கைக்கே கணக்குத் தீர்க்க முடிந்தது. நமது தெற்காசியாவில் அப்படிச் சட்டமும் வரவில்லை, வணிகரும் வரவில்லை. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி கூப்பிடு தூரம் என்று மேடைகளில் பேசுவோம். ரோமிங் கணக்கில் அது எப்போதும் வெகுதூரம்.

ரோமிங் வேண்டாம் என்றால் அடுத்த வழி, இறங்கிய நாட்டின் முற்கொடுப்பனவு சிம் அட்டை. இந்த வழியில் ஈழத்தமிழருக்குத் தனிப் பங்கு உண்டு. லெபாரா 2001இல் தொடங்கப்பட்டது. மூன்று தமிழ் இளைஞர்களின் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்து வைத்த பெயர் அது: லியோன், பாஸ்கரன், ரதீசன். முல்லைத்தீவைச் சேர்ந்த சுபாஸ்கரன் அல்லிராஜா லைக்கா மொபைலை 2006இல் தொடங்கினார். இவர்களிடம் சொந்தக் கோபுரம் கிடையாது. பெரிய நிறுவனங்களிடம் நிமிடங்களை மொத்தமாக வாங்கி, ஊருக்குப் பேச ஏங்கியவர்களுக்குச் சில்லறையாக விற்றார்கள். தொலைபேசி அட்டையைச் சுரண்டி இலக்கம் அழுத்திப் பேசிய தலைமுறையின் தேவையை அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவர்களே அறிந்திருந்தார்கள். கொழும்பிலிருந்து லண்டனுக்கு வரும் விருந்தாளிக்கு விமான நிலையத்திலேயே உறவினர் ஒரு சிம் அட்டையைக் கையில் திணிப்பது வழக்கமானது இப்படித்தான்.

உள்ளூர் சிம் மலிவு, வேகமும் அதிகம். ஆனால் அதை இட்டால் ஊர் சிம்மைக் கழற்ற வேண்டும். நான் சொல்லவந்த இடம் இதுதான்.

2011இல் ஒரு தொடர் கட்டுரைக்காகத் தமிழ்நாடு போனேன். ஜெனீவாப் பில்லின் பயம் நெஞ்சில் இருந்தது. சென்னையில் இறங்கியதும் கடவுச்சீட்டுப் பிரதி, விசாப் பிரதி, புகைப்படம், உள்ளூர் நண்பரின் முகவரி எல்லாம் கொடுத்து ஒரு சிம் வாங்கினேன். மும்பைத் தாக்குதலுக்குப் பின்னர் இந்தியாவில் இந்த நடைமுறை மிகவும் இறுகியிருந்தது; அட்டை உயிர்பெறவே இரண்டு நாள். என் இலங்கைச் சிம்மைக் கடதாசியில் மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். புது எண்ணை அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். அக்கா வீட்டுக்கு அன்று இரவு சொல்வோம் என்றிருந்தேன். கும்பகோணம் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் அது நாளை என்றாயிற்று, பிறகு நாளை மறுநாள்.

அத்தான் இறந்தது நான் கும்பகோணத்தில் இருந்த முதல் நாள் காலை. மாரடைப்பு. பள்ளிக்கூடப் பையனாயிருந்த மருமகன் என் எண்ணுக்குத் திரும்பத் திரும்ப அழைத்திருக்கிறான். அலுவலகத்துக்கும் எடுத்திருக்கிறான். என் மின்னஞ்சலைத் திறக்க வேண்டியவர் விடுமுறையில். தம்பி வந்துவிடுவான் என்று அக்கா சொன்னதால் உடலை ஒரு நாள் கூடுதலாக வைத்திருந்தார்கள். தகனம் முடிந்த அன்று மாலைதான் நான் ‘சும்மா’ வீட்டுக்கு அழைத்தேன். அந்தியேட்டிக்குப் போய்ச் சேர்ந்தேன். அக்கா ஒரு சொல்லும் சொல்லவில்லை. ரோமிங்கைச் செயற்படுத்தி அந்தச் சிம்மை ஒரு பழைய கருவியிலாவது போட்டு வைத்திருந்தால், பெறும் அழைப்புக்கு நிமிடத்துக்குச் சில நூறு ரூபாய் போயிருக்கும். அதை மிச்சம் பிடித்தேன்.

பயணி எந்த வழியைத் தெரிவதென்பது காசைப் பற்றிய கேள்வியாகவே எப்போதும் பேசப்படுகிறது. எந்த எண்ணில் யாருக்கு நாம் கிடைப்போம் என்பதே அதற்கு முந்திய கேள்வி.

இப்போது அந்தக் கேள்விக்கு ஓரளவு நல்ல விடை உண்டு. இரண்டு சிம்களை ஒரே கருவியில் இடும் வசதி முதலில் வந்தது. அதன் பின் ஈ-சிம்: அட்டையே இல்லாமல், கருவிக்குள் பதித்த சில்லில் இணையம் வழியே சந்தாவை எழுதிக்கொள்வது. இதற்கும் நிறுவனங்கள் இலேசில் வழிவிடவில்லை. 2014இல் அப்பிள் தன் ஐபாட்டில் நிறுவனத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய சிம்மைக் கொடுத்தபோது, அமெரிக்காவின் ஏ.ரீ. அன்ட் ரீ. நிறுவனம் தன்னை ஒருமுறை தெரிவுசெய்தால் பின்னர் மாற்ற முடியாதபடி அதைப் பூட்டியது. ஈ-சிம்மின் பொது விதிகளிலேயே பூட்டுக்கு இடம்வைக்க முயன்றதாக அமெரிக்க நீதித் திணைக்களம் விசாரணை நடத்த, 2019 நவம்பரில் உலக நிறுவனங்களின் சங்கமான ஜி.எஸ்.எம்.ஏ. விதிகளைத் திருத்த இணங்கியது. 2018இல் ஐபோனுக்கு ஈ-சிம் வந்தது; 2022இல் அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14இல் சிம் இடும் துவாரமே இல்லை. எயாரலோ போன்ற விற்பனையாளர்கள் 2019க்குப் பின் பெருகியதற்குக் காரணம் இதுவே.

ஆயினும் ஈ-சிம் ஒன்றும் மந்திரமல்ல. பயண ஈ-சிம்களில் பெரும்பாலானவை வேறொரு நாட்டுச் சிம்மின் ரோமிங்தான். உங்கள் தரவு மூன்றாவது நாட்டைச் சுற்றி வரும், சற்றுத் தாமதிக்கும். சீனாவில் இதுவே வரமாகிறது. அங்கே உள்ளூர் சிம்மில் கூகுளும் வாட்ஸ்அப்பும் திறவா. வெளிநாட்டுச் சிம்மின் தரவு தடுப்புச் சுவரைக் கடந்து வெளியே போய்விடுவதால் திறக்கும். பல பயண ஈ-சிம்களில் பேசும் எண்ணே கிடையாது, தரவு மட்டும். யப்பான் தனிக்கதை. அந்நாடு ஜி.எஸ்.எம். முறையை ஏற்கவேயில்லை, வெளியார் கைபேசி அங்கே நெடுங்காலம் உயிரற்றே கிடந்தது. விமான நிலையத்தில் கருவியை வாடகைக்கு எடுக்கும் பழக்கம் அப்படி வந்து, இன்று சட்டைப்பை வை-ஃபைப் பெட்டியாகத் தொடர்கிறது. குடும்பமாக நாலைந்து பேர் சேர்ந்து போனால் அதுவும் நல்லதுதான். பெட்டியை வைத்திருப்பவர் தொலைந்தால் எல்லோரும் தொலைவார்கள்.

மருமகனுக்கு நான் சொன்னதை இங்கே எழுதிவிடுகிறேன். முதலில் கருவி பூட்டப்பட்டதா என்று பார். கனடாவில் 2017 டிசெம்பர் முதலும் பிரித்தானியாவில் 2021 டிசெம்பர் முதலும் பூட்டிய கைபேசி விற்பது தடை. ஆனால் அதற்கு முன் வாங்கி ஊருக்கு அனுப்பிய பழைய கருவிகள் பல வீடுகளில் இன்னும் பாவனையில் உள்ளன. அவை வேறு சிம்மை ஏற்கமாட்டா. இலங்கைச் சிம் உள்ளேயே இருக்கட்டும். ரோமிங்கை இயக்கு, ஆனால் அந்தச் சிம்மின் தரவை அணைத்துவிடு. வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல் அந்த எண்ணுக்குத்தான் வரும். தரவுக்குப் பிரான்சில் ஒரு முற்கொடுப்பனவு சிம்மோ ஈ-சிம்மோ எடு. பிரெஞ்சுச் சிம் ஜேர்மனியிலும் இத்தாலியிலும் மேலதிகக் கட்டணமின்றி வேலை செய்யும்.

சுவிட்சர்லாந்தில் அப்படியல்ல. அது ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. அந்தச் சட்டம் அங்கே செல்லாது. சில நிறுவனங்கள் தாமாகச் சேர்த்துக்கொள்கின்றன, பல சேர்ப்பதில்லை. பாரிசிலிருந்து ரயிலில் போகிறவருக்குப் பாசல் வந்ததே தெரியாது, கைபேசிக்குத் தெரியும். எல்லைக்கு இப்பால் நிற்கும்போதே அது சுவிஸ் கோபுரத்தைப் பிடித்துவிடும். ஜெனீவாவைச் சுற்றியுள்ள பிரெஞ்சுக் கிராமங்களில் இது அன்றாடத் தொல்லை. ஆகவே வாங்கும்போதே சுவிஸ் உண்டா என்று கேள். இல்லையென்றால் அந்த ஒரு வாரத்துக்கு வேறொரு ஈ-சிம்.

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான். இரண்டு எண்களையும் அம்மாவின் கைபேசியில் பதிந்துவிட்டுப் புறப்படு என்றேன். “அம்மா அதை முதலே கேட்டு வாங்கிவிட்டா, மாமா” என்றான்.